அடிபடாதவளுடன் ஒரு பொது உரையாடல்

கலை மையத்தில் மரத்தரை போட்ட ஹால் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதன் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி பதித்திருப்பார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அக்கா கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துத் தரையைப் பார்ப்பாள். நகைக்கடை வாசலில் சிலர் அப்படி நிற்பார்கள்.

அவள் என் கூடப் பிறந்தவள் இல்லை. பதினாறு வருடமாகச் சேர்ந்து ஆடுகிறோம். முதல் நாள் வாயில் வந்த 'அக்கா' அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் ஆடுவது நவீன நடனம். "அதுல பாட்டு இருக்குமா?" என்று கேட்பார்கள். சில சமயம் என்போம். "கதை?" சில சமயம். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

புது ஆட்டம் நாற்பது நிமிடம். அதற்குள் நாங்கள் இருவரும் சேர்ந்து நூற்றுப்பன்னிரண்டு முறை விழுகிறோம். ஒத்திகை பார்த்தது ஒரு பழைய டயர் கிடங்கில், சிமெண்டுத் தரையில். சிமெண்டில் ஒரு நாளைக்குப் பத்து முறைக்குமேல் விழ முடியாது. விழுந்தால் மறுநாள் படியிறங்க முடியாது. பத்துப் பத்தாக விழுந்து ஓர் ஆட்டத்தைக் கட்டி முடிக்க முடியாது என்பது மூன்று மாதத்தில் தெரிந்துபோயிற்று. அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. "இதை இந்த வருஷம் ஆடலேன்னா அப்புறம் இல்லடா" என்று ஒருநாள் டயர்களைப் பார்த்துச் சொன்னாள். 

மரத்தரை எட்டு வாரம் கிடைத்தால் போதும் என்று மையத்துக்கு விண்ணப்பித்தோம். ஒரே வரியில் பதில் வந்தது. ஹால், 'தடம்' முடித்த கலைஞர்களுக்கு மட்டும்.

'தடம்' என்பது நடனக் கலைஞர்களோடு மையம் நடத்தும் பொது உரையாடல். கலைஞர் மேடையில் உட்கார்ந்து தன் நடன வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும். நெறியாளர் கேட்கக் கேட்க, மேடை ஓரத்தில் எழுத்தர் ஒரு படிவத்தை நிரப்புவார். படிவத்தில் ஒன்பது கட்டங்கள். ஒன்பதும் நிரம்பினால் உரையாடல் முடிந்தது. ஹால் சாவி அந்த எழுத்தரிடமே இருக்கிறது. இதுவரை அறுபத்தோரு கலைஞர்கள் முடித்திருக்கிறார்கள் என்று சுவரில் எழுதியிருந்தது.

"பேசறதுதானே, பேசிட்டு வந்துடலாம்" என்றாள் அக்கா.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு உரையாடல். நாலடி உயர மேடையில் இரண்டு நாற்காலி, குட்டை மேசை, கண்ணாடிக் குவளையில் துணிப்பூ. கீழே ஐம்பது பேர் இருந்தார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். முன்வரிசை நடுவில் கைத்தடியோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபத்தொன்றுக்கும் வந்தவர் அவர் என்று பக்கத்திலிருந்தவர் பெருமையாகச் சொன்னார். நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

நெறியாளர் கண்ணை மூடிக்கொண்டுதான் கேள்வி கேட்பார். முதல் கேள்வி பதினொரு நிமிடம் போயிற்று. "ஆகவே, உடல்ங்கிறதே ஒரு காலம்னு வெச்சுக்கிட்டா, உங்க காலம் எப்போ உடலா மாறுச்சு?" என்று முடித்துக் கண்ணைத் திறந்தார்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "எட்டு வயசுல சார்."

எழுத்தர் முதல் கட்டத்தில் எட்டு என்று எழுதினார்.

ஆறு கட்டங்கள் அப்படியே நிரம்பின. ஏழாவதுக்கு வந்ததும் நெறியாளரின் குரல் தழைந்தது. அரங்கத்தில் கைப்பைகளின் ஜிப்புகள் வரிசையாகத் திறக்கும் சத்தம் கேட்டது. எல்லார் கையிலும் கைக்குட்டை.

"முறிவு" என்றார் நெறியாளர். "அந்த நாளைப் பத்திச் சொல்லுங்க."

"எந்த நாள் சார்?"

"உங்க உடம்பு முறிஞ்ச நாள்."

"அப்படி எதுவும் முறியல சார்."

அவர் இடது கண்ணை மட்டும் திறந்தார். "முட்டி?"

"நல்லா இருக்கு."

"முதுகு? கணுக்கால்?"

"நல்லா இருக்கு சார். ரெண்டுமே."

"வீட்ல ஏதாவது? கணவர்?"

"அவரும் நல்லா இருக்கார்."

"யாராவது உங்களைக் கூப்பிட்டு வெச்சு, நாலு பேர் முன்னால அவமானப்படுத்தி..."

"இதுவரைக்கும் இல்ல சார்."

அதன்பிறகு ஏற்பட்டது நான் அனுபவித்த மௌனங்களிலேயே நீளமானது. எனக்கு மௌனம் பிடிக்கும். இது பிடிக்கவில்லை. கைத்தடி அம்மாள்தான் அதைக் கலைத்தார். "நாங்க ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான்.

உரையாடல் ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாள் மையத்தின் இயக்குநர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சிரித்த முகம். தண்ணீர் கொடுத்தார்.

"உட்காருங்கம்மா. உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. இந்த மையம் எதுக்கு இருக்கு? கலைஞரைக் கொண்டாட. கலைஞரை எப்பக் கொண்டாடுவோம்? எழுந்து வரும்போது. எழுந்து வரணும்னா முதல்ல என்ன செய்யணும்?"

பதிலுக்குக் காத்திருந்தார். "விழணும்" என்றேன்.

"தம்பிக்குப் புரியுது."

"விழறது எங்க வேலையே சார்" என்றாள் அக்கா. "தினமும் விழறோம்."

"அது ஆட்டம்மா. நான் வாழ்க்கையைச் சொல்றேன். அடிபடாத கலைஞரை ஜனங்க எதை வெச்சு நம்புவாங்க? எட்டாவது கட்டம் மீட்சி. ஏழு காலியா இருந்தா எட்டுக்கு எப்படிப் போறது? தாவிக் குதிக்க முடியுமா?"

நாங்கள் பிழைப்புக்குச் செய்வதே தாவிக் குதிப்பதுதான். 

"அப்ப ஏதாவது ஒண்ணு சொல்லிடட்டுமா சார்? இடுப்பு எலும்புன்னு, ஆறு மாசம் படுத்திருந்தேன்னு..."

இயக்குநர் எழுந்துவிட்டார். முகம் சிவந்துபோயிற்று. "பொய்யா? என்கிட்டயா? இருபது வருஷமா இந்த மேசைல ஒரு பொய்யில கையெழுத்துப் போட்டதில்லம்மா நான். அது ஆவணம். நாளைக்கு ஆராய்ச்சிக்கு வர்றவங்க எக்ஸ்ரே கேட்பாங்க."

தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார். குரல் மறுபடி கனிந்தது.

"முப்பத்தெட்டாவது உரையாடல். உங்களை மாதிரியே ஒருத்தர். தங்கமான மனுஷன், ஜலதோஷத்தைத் தவிர எதுவும் வந்ததில்ல. நாங்க கைவிட்டுடல. இந்தக் கதவுதான்."

திரும்பிப் பார்த்தோம். கனத்த மரக்கதவு. கீல் பக்கம் பாலிஷ் போயிருந்தது.

"கால்விரல் ரெண்டு. மூணாவது விரலை அவரே வெச்சார். அவ்வளவு ஈடுபாடு! அன்னிக்கு அரங்கத்துல அழாத ஆள் இல்ல."

"இப்ப ஆடறாரா?" என்று கேட்டாள் அக்கா.

"அது பின்தொடர்தல் பிரிவும்மா" என்றார் இயக்குநர். "அந்தப் பிரிவு இன்னும் தொடங்கல."

வெளியே வந்து அக்கா ஹால் கண்ணாடியில் முகத்தை வைத்தாள். யாரோ தரைக்கு மெழுகு பூசியிருந்தார்கள். வெகுநேரம் கழித்து, எழுத்தர் நீட்டிய சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அடுத்த புதன்கிழமை நடக்கப்போவதற்கு 'ஒத்துழைப்பு அமர்வு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அன்று கூட்டம் இரண்டு மடங்கு. நெறியாளர் கண்ணை மூடி, "பூமியோட ஈர்ப்பும் கலைஞரோட தனிமையும்" என்று தொடங்கினார். அப்படியே எழுந்து, அக்காவின் நாற்காலியை ஓங்கி உதைத்தார். நாற்காலியோடு அவள் மேடையிலிருந்து முன்வரிசைப் பக்கமாகக் கீழே போனாள்.

எங்கள் தொழிலில் முதல் இரண்டு வருடம் சொல்லித் தருவது இதை மட்டும்தான். மூச்சை விட்டுவிட வேண்டும். கையை ஊன்றக் கூடாது. சதை இருக்கிற இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தரைக்குக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். எலும்பின் முறை வருவதற்குள் விழுந்து முடித்திருப்போம். அக்கா இதையெல்லாம் நினைத்துச் செய்திருக்க மாட்டாள். தோள், முதுகு, இடுப்பு என்று உருண்டு கைத்தடி அம்மாளின் காலடியில் எழுந்து நின்றாள். நாற்காலிதான் மூன்றாக உடைந்தது. பின்வரிசையில் சிலர் கைதட்டினார்கள்.

"நடக்க முடியுதா?" என்றார் எழுத்தர்.

"முடியுது."

எழுத்தர் எதுவும் எழுதவில்லை. நெறியாளர் இறங்கிவந்து என் காதருகே கேட்டார். "அது எப்படி?"

"விழறது சார். எங்க ஆட்டமே அதுதானே."

"அப்படியா? நான் ஆட்டம் எதுவும் பார்த்ததில்ல தம்பி. நான் உரையாடல் பிரிவு."

பிறகு எல்லாரும் வெளியே மாடிப்படிக்குப் போனோம். கருங்கல் படி, இருபத்து மூன்று. வயதானவர்களுக்கு முன்னால் இடம் விட்டார்கள். இயக்குநர் ஒரு தோளையும் நெறியாளர் ஒரு தோளையும் பிடித்து அவளைத் தள்ளிவிட்டார்கள். படிகளில் அவள் உடம்பு மோதும் சத்தத்தை எண்ணினேன். ஒன்பது. கீழே எழுந்து நின்றபோது உதடு கிழிந்து கழுத்துவரை ரத்தம். எழுத்தர் நிதானமாக இறங்கிப்போய், முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"உதடு ஐயா. உதட்டுக்குக் கட்டம் இல்ல."

மேலே வரவழைத்து இன்னொரு முறை. இந்த முறை சொல்லாமல் பின்னாலிருந்து தள்ளினார் இயக்குநர். சொல்லாமல் வந்த கையோடு போய்விடுவதும் எங்கள் பயிற்சிதான். அவள் போன வேகத்தில் அவர் கையும் போயிற்று, கையோடு அவரும் போனார். அவருக்கு விழத் தெரியாது. நான்காவது படியில் ஒரு பல்லை விட்டுவிட்டு வந்தார். "என்னைப் பார்க்காதீங்க, கலைஞரைப் பாருங்க!" என்று ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கத்தினார்.

கூட்டம் தானாகவே ஒத்துழைக்கத் தொடங்கியது. கைத்தடி அம்மாள் அக்காவை உட்காரவைத்து, "எனக்கும் இடுப்பு உடைஞ்சிருக்கும்மா. ஒண்ணும் இல்ல, மூணு மாசம். காலைக் காட்டு" என்று கைத்தடியை ஓங்கி முழங்காலுக்குக் கீழே போட்டார். நான் பாய்ந்தேன். இரண்டு பேர் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார்கள். "குறுக்கா அடிக்கணும் அம்மா, நேரா அடிச்சா சதைதான் வாங்கும்" என்றார், பாலங்கள் கட்டி ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர். அம்மாள் குறுக்காக அடித்தார். நாலைந்து அடி. ஒவ்வோர் அடிக்கும் அக்காவின் கால் அடியோடு சேர்ந்து நகர்ந்தது. கைத்தடிக்குத்தான் விரிசல் விட்டது. ஐந்து மணிக்குத் தேநீர் வந்ததால் நிறுத்தினார்கள்.

கிடங்குக்குத் திரும்பி அவள் முதுகில் ஐஸ் வைத்தேன். முதுகு முழுக்கக் கன்றிப்போய், சில இடங்களில் தோலே இல்லை.

"விட்டுடலாம்கா. இங்கயே ஆடுவோம்."

"இங்க ஆட முடியாதுன்னு உனக்கே தெரியும்."

"அதுக்காக இப்படியா?"

 ஐஸ் கரைந்து என் முழங்கைவரை ஒழுகியது. அக்கா இடது கையை விரித்துப் பார்த்தாள். "சுண்டுவிரல் போதும்னு நினைக்கிறேன். இடது சுண்டுவிரல். நூத்திப்பன்னிரண்டையும் மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டேன்டா. எதுலயும் அது தரையில படல."

மூன்றாம் புதன்கிழமை அவளே கையைக் கொண்டுபோய் மேடை மேசைமேல் வைத்தாள். மற்ற விரல்களை மடக்கிச் சுண்டுவிரலை மட்டும் நீட்டினாள். அரங்கத்தில் நிற்க இடமில்லை. மேடைத் தச்சரைச் சுத்தியலோடு வரவழைத்திருந்தார்கள். அவர் விரலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "நான் பலகைக்கு அடிக்கிறவன்மா" என்று சுத்தியலை வைத்துவிட்டுப் பின்பக்கமாகப் போய்விட்டார்.

"அர்ப்பணிப்பு இல்லாத ஊழியர்கள்!" என்றார் இயக்குநர் மைக்கில். பல் போன இடத்தில் காற்று வந்தது. "நண்பர்களே, நம்ம நெறியாளரே முன்வருகிறார்."

நெறியாளர் சுத்தியலை எடுத்தார். பழக்க தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டார். முதல் அடி பூக்குவளைமேல் விழுந்து கண்ணாடி அக்காவின் நெற்றியில் தெறித்தது. அவள் கையை எடுக்கவில்லை.

அப்போது இயக்குநர் குறுக்கிட்டார். "ஒரு நிமிஷம். விரல் ரொம்பச் சின்னதா இருக்கு. பின்வரிசைக்குத் தெரியாது. முட்டியையே கேட்டுடுங்களேன்."

"சார், விரல்தான் பேசினோம்" என்றாள் அக்கா.

"பேசினோம்மா. உரையாடல்னா வளரும் இல்லையா?"

பொறியாளரும் இன்னொருவரும் மேடையேறி அவள் வலது காலை இழுத்து மேசைமேல் நீட்டினார்கள். முட்டி போனால் எட்டு வாரம் மட்டும் போகாது, எல்லாம் போகும். நான் எழுந்து கத்தினேன். என் வாயில் யாரோ தோள்பையை வைத்து அடைத்தார்கள். நெறியாளர் இரண்டடி பின்னால் போய், சுத்தியலை இரு கையாலும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடியபடி ஓடிவந்தார்.

அப்படி ஓடிவருகிற உடம்பை வாங்குவது எப்படி என்று அக்காவுக்குத் தெரியும். எங்கள் ஆட்டத்தில் நான் அப்படித்தான் ஓடிவருவேன். என் வேகத்தைத் தோளில் வாங்கி மேலே சுழற்றிவிடுவாள். நான் கீழே வரும்போது அவள் முதுகு அங்கே இருக்கும். பார்த்துக்கொண்டு வரமாட்டேன், பார்க்கவும் கூடாது. பதினாறு வருடத்தில் ஒருமுறைகூட அது அங்கே இல்லாமல் இருந்ததில்லை.

காலை உதறி எழுந்தாள். பொறியாளர் மேடைக்கு வெளியே போய் விழுந்தார். நெறியாளர் அவள் தோளில் வந்து மோதினார். சுத்தியல் எங்கோ பறந்தது. அவர் மேலே போனார். அறுபத்திரண்டு உரையாடல்களில் முதல்முறையாக அவர் ஆடினார், சொல்லப்போனால் நன்றாகவே ஆடினார். கைகள் விரிந்து, முகம் மேலே பார்த்து, ஒரு கணம் அந்தரத்தில் நின்றார். அவர் கண் திறந்திருந்தது. கீழே வரத் தொடங்கியபோது அவள் முதுகு சரியான இடத்தில் இருந்தது. நான் பார்த்தேன். அவர் எங்கே விழுவார் என்று அவளும் பார்த்தாள். பிறகு இடப்பக்கம் அரை அடி விலகி நின்றாள்.

அவர் சட்டையில் குத்தியிருந்த மைக் வழியாக அந்தச் சத்தம் அரங்கம் முழுவதும் கேட்டது. இரண்டு சத்தங்கள். முதலாவது தொடை, அடுத்தது காறை எலும்பு என்று பின்னால் தெரிந்தது.

 எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். "ஐயா, ஏழாவது கட்டத்துல முறிவுன்னு மட்டும்தான் கேட்டிருக்கு. யாருக்குன்னு கேட்கல."

இயக்குநர் யோசித்தார். மெதுவாக அவர் முகம் மலர்ந்தது. மைக்கை எடுத்தார்.

"அன்பர்களே! இதுவரைக்கும் முறிவைப் பத்திக் கேள்விதான் பட்டிருக்கோம். இன்னிக்கு நம்ம கண்ணு முன்னால, சாட்சிகளோட, ஒலிப்பதிவோட நடந்திருக்கு. கேட்கறவருக்கும் சொல்றவருக்கும் நடுவுல இருந்த சுவர் இடிஞ்சிருக்கு. இந்த மையம் நினைச்சா எதையும் சாதிக்கும்!"

கைக்குட்டைகள் வெளியே வந்தன. அரங்கமே விம்மியது. நெறியாளர் தரையில் கிடந்தபடி கையை ஆட்டினார். குனிந்து கேட்டார்கள். மைக்கைச் சரிசெய்யச் சொல்கிறார். கால் போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஆனாலும் தொழிலை விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"மீட்சி... அதுல இருந்து... எப்படி மீண்டு வந்தீங்க?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி ரத்தம் புருவத்தில் தேங்கியிருந்தது. "எழுந்து நின்னேன்" என்றாள்.

எட்டாவது கட்டம்.

"வளரும் கலைஞர்களுக்கு... உங்க அறிவுரை?"

"நிறைய தண்ணி குடிங்க."

ஒன்பது. எழுத்தர் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தார். பிறகுதான் ஆம்புலன்ஸை உள்ளே விட்டார்கள். நெறியாளரை ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது, "அடுத்த உரையாடல் இவரோடதான்" என்று இயக்குநர் அறிவித்தார். கைத்தடி அம்மாள் மேடையேறி அக்காவைக் கட்டிக்கொண்டார். "இப்பத்தான்மா நீ கலைஞர்." அக்கா கையைத் தூக்கவுமில்லை, விலக்கவுமில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹாலைத் திறந்தோம். உள்ளே மெழுகு வாசனை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நடந்தாள். படுத்தாள். காயம்பட்ட முதுகை வைத்து ஒருமுறை உருண்டாள். மரம் லேசாக உள்வாங்கிக் கொடுத்தது. அதை அவள் முகத்தில் பார்த்தேன். மூன்று மாதத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அன்று காலையிலேயே நாற்பது முறை விழுந்தோம். வலிக்கவில்லை. தொடர்ந்து ஆடிக்கொண்டே போய், நான் ஓடிவரும் இடத்துக்கு வந்தோம்.

சுவரிலிருந்து ஓடினேன். அவளுக்கு ஒரு அடி முன்னால் என் கால்கள் நின்றுவிட்டன.

"என்னடா?"

"வழுக்குதுக்கா. மெழுகு."

காலைத் துணியால் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடினேன். இந்தமுறை மேலே போனேன். போகும்போதே தலையைத் திருப்பிக் கீழே பார்த்தேன். அவள் முதுகு அங்கேதான் இருந்தது. இருந்தும் என் வலது கை அவள் சட்டையின் பின்கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் பிடிக்கச் சொல்லவில்லை. சட்டை கிழிந்தது. இருவரும் கோணலாக இறங்கினோம்.

அவள் கிழிசலைத் தொட்டுப் பார்த்தாள். "எடையே வரலடா உங்கிட்டயிருந்து."

"வருதுக்கா."

"வரல."

கதவுக் கண்ணாடிக்கு வெளியே யாரோ கடந்துபோனார்கள். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த ஆள் நெறியாளர், சுத்தியலோடு வந்தவர், நான் வேறு. இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்லியிருப்பேன். அவள் இடத்தில் நானாக இருந்திருந்தாலும் அதைவிட மோசமாகச் செய்திருப்பேன் என்றும் சொல்லியிருப்பேன். அதுவும் உண்மைதான்.

"திரும்ப" என்றாள்.

நான் சுவர்வரை பின்னால் நடந்துபோய் நின்றேன். அவள் காலை அகற்றி ஊன்றித் தோளைத் தாழ்த்திக்கொண்டாள். என்னைப் பார்க்காமல், முறைப்படி, தரையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"வாடா" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"வரேன்கா" என்றேன். சுவரிலிருந்து என் முதுகு இன்னும் எடுபடவில்லை.